கண்டக்குழியில் ராத்தா பறந்த காலை

புத்தளத்திலிருந்து கற்பிட்டி பஸ் காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டது. சன்னலோரத்தில் என் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா; பக்கத்தில் நான். நாற்பத்தேழு வயதில் பறக்கப் போகிறவர் அவர். பயந்தது என்னவோ நான்தான்.

பராசெய்லிங் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகப் படகொன்றின் பின்னால் நீளக் கயிறு. கயிற்றின் மறுமுனையில் விரிந்த பரசூட். அதன் கீழே இடுப்பையும் தொடைகளையும் சுற்றிய பட்டிகளில், ஊஞ்சலில் இருப்பதுபோல ஓர் ஆள். படகு ஓட, கயிற்றை விட விட, ஆள் மேலே போவார்; கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்தால் படகின் பின்தட்டிலேயே வந்து இறங்குவார். நீந்தத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கடலுக்குப் பயப்படாமல் இருந்தால் போதும் என்கிறார்கள். ராத்தாவால் முடியாதது அது ஒன்றுதான்.

தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்தின் நடுவே முஸ்லிம்களை மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது, மீன்பிடிப் படகொன்றில் ஏறி இதே கற்பிட்டிக் கரையில்தான் எங்கள் குடும்பம் வந்து இறங்கியது. ராத்தாவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு மூன்று. எனக்கு எதுவும் நினைவில்லை. அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது, ஆனால் வாய் திறக்க மாட்டார். புத்தளத்திலேயே வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளைப் பெற்று, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தும் ஒரு நாள்கூடக் கால் நனைத்ததில்லை. அப்படிப்பட்டவர் போன மாதம் தெகிவளையில் இருக்கிற எனக்குப் போன் எடுத்து, "மவுத்தாகிக் கண்ண மூட முந்தி இந்தக் கடலோட ஒரு கணக்குத் தீக்கணும். நீயும் வா" என்றார். மறுத்துச் சொல்லிப் பழக்கமில்லாததால் வந்துவிட்டேன்.

பாலாவிச் சந்தி தாண்டியதும் இரு பக்கமும் தென்னை. நுரைச்சோலையில் அனல் மின் நிலையப் புகைபோக்கி, அதன் பிறகு வெங்காயப் பாத்திகளுக்கு மேல் சுழன்று சுழன்று தண்ணீர் தெளிக்கும் குழாய்கள். ஐம்பது கிலோமீற்றர் வர ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆனது. கற்பிட்டியில் இறங்கி, கண்டக்குழிக்கு அறுநூறு ரூபாய் பேசி முச்சக்கர வண்டி எடுத்தோம்.

"டொல்பின் பாக்கவா?" என்றார் சாரதி.

"இல்ல, பறக்க" என்றார் ராத்தா.

கண்ணாடியில் எங்கள் இருவரையும் ஒரு தடவை அளந்துவிட்டு, "அப்ப காத்துக்கு முந்திப் பறந்து முடிச்சிடுங்க. பத்து மணிக்குப் பொறகு இந்தக் கடல் ஆருட சொல்லும் கேக்காது" என்றார்.

படகுக்காரர் ரியாஸ் நானா கரையில் காத்திருந்தார். அண்ணன் என்பதை நாங்கள் நானா என்போம். முன்பு மீன்பிடி, இப்போது மாசி மாதத்தைப்போலக் கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் மட்டும் இந்தத் தொழில். ஆளுக்குப் பன்னிரண்டாயிரம். ஆனால் அன்று அவருடைய முகத்தில் ஒரு சங்கடம். அவரிடம் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெண்களுக்குப் பட்டி கட்டுவது ஆண்கள் இல்லை. தென்னோலைக் கிடுகு மறைப்புக்குள் வைத்து அவருடைய மனைவிதான் கட்டுவார். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் இவரைத் தேடி வருவதே அதற்காகத்தான்.

"வீட்டுக்காரி புத்தளம் ஆசுபத்திரியில. மகளுக்குப் புள்ள கிடைச்சிருக்கு, அல்ஹம்துலில்லாஹ்" என்றவர், என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "நீங்க பழகினா உங்கட ராத்தாக்கு நீங்களே கட்டலாம்."

வீட்டில் கழுத்துச் சங்கிலியின் கொக்கியை மாட்டவே மகளைக் கூப்பிடுகிறவள் நான். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ராத்தா என் முகத்தையே பார்த்தார். சரி என்றேன்.

நானா பட்டியைத் தன் இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலேயே போட்டு, ஊர் பார்க்க நின்று பாடம் நடத்தினார். முதலில் இடுப்பு, பிறகு தொடை, கடைசியில் நெஞ்சு. "ரெண்டு விரல் போகணும். மூணு விரல் போனா அவிழ்த்துத் திருப்பிக் கட்டணும்." அதைத் தன் உடம்பிலிருந்து கழற்றி, எனக்கு நானே போட்டுக் காட்டச் சொன்னார். பிழையாகப் போனது. மறுபடியும் போடச் சொன்னார். அவசரமே படவில்லை. அந்தப் பொறுமைக்கு இன்றும் தொழுகையில் அவருக்காகத் துஆ கேட்கிறேன். பிறகு மறைப்புக்குள் ராத்தாவுக்குக் கட்டினேன். நெடுங்கால்சட்டை அணிந்து அபாயா அங்கியைச் சுருட்டிக்கொண்டு நின்றார். விரல் வைத்துப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். ராத்தாவின் உயிர் என் விரலில் இருந்தது.

தண்ணீர் ஓரத்தில் வந்து ராத்தா நின்றுவிட்டார். அலை கணுக்காலைத் தொட்டுப் போனது. அடுத்த அலையும் வந்து போனது. உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

"திரும்பிப் போவமா?" என்றேன்.

படகைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்ற ரியாஸ் நானா, நாங்கள் மன்னார் ஆட்கள் என்று பேச்சிலேயே கண்டுகொண்டவர், பேசினார். "ராத்தா, இது கொண்டு போய் விட்டுட்டு வாற படகில்ல. கொண்டு போய்த் திருப்பிக் கொண்டாற படகு."

ராத்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எல்லோரும் படகேறி ஆழத்துக்கு வந்ததும், கூட வந்த நானாவின் மச்சான் கயிற்றுச் சுருளுக்குப் பொறுப்பானார். பரசூட் காற்றைக் குடித்து விரிந்தது. ராத்தா பின்தட்டில் குந்தியிருந்தார். கண் மூடித் திறப்பதற்குள் அங்கே இல்லை. மேலே, மேலே, தென்னை உயரம் தாண்டி, இரண்டு செருப்பில்லாத பாதங்களாகப் போய்விட்டார். நான் என் இரண்டு விரல்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தே இருந்தேன். பத்து நிமிடத்தில் கயிற்றைச் சுற்றினார்கள். தட்டில் வந்து குந்தியபோது ராத்தாவின் கன்னங்கள் நனைந்திருந்தன. கடல் தண்ணீர் அந்த உயரத்துக்குத் தெறிக்காது.

மலைபோல் வந்தது பனிபோல் போனது என்று நான் பெருமூச்சு விட, "இப்ப நீ" என்றார் ராத்தா.

ஆண்கள் இருவரும் அணியப் பக்கம், படகின் முன்புறமாக, முகம் திருப்பிக்கொண்டார்கள். ஆடுகிற படகில் முழந்தாளில் நின்று ராத்தா எனக்குப் பட்டி கட்டினார். இழுத்த இழுப்பில் மூச்சு முட்டியது. ஒரு விரலுக்குக்கூட இடமில்லை.

"ராத்தா, நோகுது."

"அண்டைக்கும் இதத்தான் சொன்னாய்."

"எண்டைக்கு?"

கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "மன்னாரால வந்த அண்டைக்கு. படகு நிறைய ஆக்கள். நல்லாச் சரிஞ்சுது. உம்மா வாந்தியெடுத்து எழும்ப ஏலாமக் கிடந்தா. நான் அவட முக்காட்ட எடுத்து உன்ன எண்ட இடுப்போட சேத்துக் கட்டிட்டேன். நோகுது நோகுது எண்டு அழுதாய். கரை வரும் வரைக்கும் அவிழ்க்கயில்ல."

"ஏன் ஒரு நாளும் சொல்லயில்ல?"

"விழுந்தா ரெண்டு பேரும் விழுவம் எண்டுதான் கட்டினேன். அத எப்பிடி உனக்குச் சொல்ற?"

சொல்லிவிட்டு, பட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு விரல் வைத்துப் பார்த்தார்.

நானும் பறந்தேன். ஒரு பக்கம் மன்னாரே தெரியும் அளவுக்குப் பரந்த கடல் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. கீழே ஒரு சின்னப் படகும், அதில் என்னை விட்டுக் கண்ணெடுக்காத ஒரு முகமும்தான் தெரிந்தன.

தெகிவளையில் என் வீட்டு மாடியிலிருந்தும் இந்தக் கடல்தான் தெரிகிறது. நீலமாக இருக்கிறதே என்று இத்தனை வருடம் தேநீரோடு பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு வந்து சேர்ந்ததும் அதைப் பார்த்தபடி ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். நன்றி என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்குவதில்லை, என்றாலும் சொன்னேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"விசரி, பைத்தியம்" என்று செல்லமாகத் திட்டினார். பிறகு, "பட்டி பட்ட இடம் நோகுதா?" என்று கேட்டார்.

"ஓம் ராத்தா, நோகுது" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.