முதுகைக் காட்டும் பூச்சிகள்

பூச்சியின் படத்தைப் பார்த்து அது நல்லதா கெட்டதா என்று சொல்லும் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், பூச்சிகள் எப்போதும் முதுகைத்தான் காட்டும்.

செங்கலடியில் எங்கள் சிறிய அலுவலகத்தில் தர்சினியும் நானும் அந்த வேலையைச் செய்தோம். விவசாயிகள் வாட்ஸ்அப்பில் நாற்றப்பூச்சிப் படம் அனுப்புவார்கள். புழுவைக் குத்தி உறிஞ்சும் இனம் என்றால் மருந்தடிக்க வேண்டாம். பயிரை உறிஞ்சும் இனம் என்றால் வேறு கதை. வருட முடிவில் எங்களில் ஒருத்தியைத்தான் வைத்திருப்பார்கள். வீட்டில் முதன்முதல் பட்டம் வாங்கியவள் நான். அந்த இடம் எனக்கு வேண்டும்.

கலியாண வீட்டில்

இது நான் பார்த்ததல்ல, எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் சேர் சொல்லித்தான் தெரியும். தர்சினி சொந்தக்காரரின் கலியாணத்தில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாளாம். வவுணதீவிலிருந்து ஒரு படம் வந்ததாம், கை நடுங்கி எடுத்த படம். பூவை வைத்தபடியே பார்த்துவிட்டு, "நல்ல பூச்சி, மருந்தடிக்காதீங்க" என்றாளாம். வயல் தப்பியது.

அவளுடைய அப்பா விவசாயப் போதனாசிரியர். பூச்சிகளின் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவள். எங்கள் வீட்டில் பூச்சி என்றால் எல்லாமே பூச்சிதான். கதையைச் சொல்லி முடித்து சேர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கெண்டா இன்னும் நாலு படம் வேணும், என்ன தங்கச்சி?"

மூக்கு

ஆம், எனக்கு இன்னும் படம் வேண்டும். வேட்டையாடும் இனத்துக்கு உறிஞ்சும் மூக்கு தடிப்பு, பயிரைக் குடிப்பதற்கு மெல்லிசு. அது வயிற்றுப் பக்கம் மடிந்திருக்கும். முதுகுப் படத்தை வைத்து நான் சத்தியம் செய்யமாட்டேன். உங்களில் எத்தனை பேர் செய்வீர்கள்?

ஏறாவூரிலிருந்து தோட்டக்காரர் ஒருவர் படம் அனுப்பினார். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். "மூக்கு நல்லாத் தெரியிற மாதிரி ஒரு படம் அனுப்புங்க காக்கா" என்று எழுதினேன். உடனே வந்தது. அவருடைய மூக்கு, வெளிச்சத்தில், இரண்டு பக்கமும். நான் விளக்கம் சொல்ல அழைத்தபோது அவர் முந்திக்கொண்டார். "மூக்குக்கு ஒண்டுமில்ல புள்ள, அது குத்தினது கையிலதான். மற்ற மிஸ் இருந்தா குடுங்களன்."

கத்தரிச் செடியில்

பழுகாமத்திலிருந்து ஒரு அக்கா கத்தரி இலையின் படம் அனுப்பினார். முட்டைக் கோதுகளைச் சுற்றி, சிவந்த வயிறும் கறுத்த தலையுமாகக் குஞ்சுகள். தர்சினி ஒரே பார்வையில் பதில் போட்டாள்: "நல்ல பூச்சிட குஞ்சுகள், விடுங்க." அவள் அவ்வளவு வேகமாகச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் பஸ் மாறி மாறி அங்கே போனேன். குனிந்து பார்த்தால், குஞ்சுகள் இலையில் மூக்கைக் குத்தி நிற்கின்றன. பக்கத்தில் ஊர்ந்த புழுவை ஒன்றுகூடத் தொடவில்லை. ஏறியிறங்கி எல்லாப் பக்கமும் படமெடுத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் மனதுக்குள் பொங்கல் பானை பொங்கியது.

தர்சினியும் இருக்கும்போதே சேரின் மேசையில் போனை வைத்தேன். "சேர், இதுகள் புழுவைத் தொடல்ல. செடியைத்தான் குடிக்குதுகள்" என்றேன். சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "குடிக்கட்டுமே தங்கச்சி" என்றாள், "இன்னும் பால்குடி மறக்கல்ல."

இடம் தர்சினிக்குப் போனது. பிறகு நானே தேடிச் சரிபார்த்தேன்: அந்த இனத்தின் குஞ்சுகள் முதல் பருவத்தில் செடிச்சாற்றோடு நின்றுவிடும், ஒருமுறை தோல் கழற்றிய பிறகுதான் வேட்டைக்குப் போகும், ஆக, அவள் சொன்னது சரி என்று ஆதாரத்தோடு நிரூபிக்கும் வேலை மட்டும் எனக்குக் கிடைத்தது.