பித்தளை ஸ்டவ்வும் விதைப்பூண்டும்

மொட்டை போட்டுக்கொண்டு மலையிறங்கி வந்தவருக்கே சீப்பு விற்றவர் என் அப்பா. பழனி அடிவாரத்தில் எங்களுக்குக் கடை இருந்தது. தலையில் பூசிய சந்தனம் இன்னும் காயாத மனிதர் ஒருவர் கடை முன்னால் வந்து நிற்பார். அப்பா சீப்பை எடுத்து வளைத்துக் காட்டி, "முடி வளராமலா போயிரும் சாமி?" என்பார். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார். வேண்டாத பொருளை அடுத்தவர் தலையில் எப்படிக் கட்டுவது என்று நடை பழகும் வயதிலேயே பார்த்தவள் நான். அப்படிப்பட்ட என்னையே ஒரு பித்தளை ஸ்டவ் கவிழ்த்துவிட்டது.

ஐம்பதுகளின் நடுவில் என்னைக் கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலைக் கிராமம் ஒன்றில் பூண்டு விவசாயம் செய்யும் வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது இருபது வயது. மாமனார் மாமியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் என் கணவரும் அவருடைய தங்கையும்தான். நாத்தனார் என்றால் கண்கொத்திப் பாம்பாக இருப்பாள் என்று பழனியில் என்னைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். போன முதல் நாள் நான் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது, அவள் தன் கம்பளியையும் கொண்டுவந்து என் மேல் போட்டுவிட்டுப் போனாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். அன்றிலிருந்து அவள் எனக்கு நாத்தனார் மாதிரி இருக்கவே இல்லை.

அந்த வீட்டின் அடுப்படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விறகடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். அதில் அடுத்த விதைப்புக்கான பூண்டைத் தாளோடு சேர்த்துக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மாசியில் எடுத்த பூண்டு ஐப்பசியில் மறுபடி மண்ணுக்குப் போகும்வரை அங்கேதான் தொங்கும். நடுவில் வரும் மழையிலும் பனிமூட்டத்திலும் சுவரே வியர்க்கும். அந்த ஈரத்தில் பூண்டு கெடாமல் இருக்க வேண்டுமானால் கீழிருந்து தினமும் புகை போய்க்கொண்டே இருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். சோறு பொங்குவதற்கு மட்டும் என்று நினைத்து அங்கே யாரும் அடுப்பு மூட்டுவதில்லை.

எனக்கோ அந்தப் புகை எமனாக இருந்தது. கண் எப்போதும் சிவந்து கிடக்கும். சுவரைத் தொட்டால் கை கறுக்கும். ஒருமுறை பழனியிலிருந்து என்னைப் பார்க்க வந்த அக்கா, அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏத்தா, ஒன்னயக் கட்டிக் குடுத்தமா, கரி மூட்டத்துல தள்ளிவிட்டமா?" என்று கேட்டாள். கூட வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்தச் சொல் முள்ளாகத் தைத்துவிட்டது.

மூன்றாவது வருடம் மாசியில் பூண்டு நன்றாக விளைந்தது. நாத்தனாருக்கும் நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை கொடைக்கானலில் காய்கறி மண்டியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இவளும் அவரைப் பார்த்திருக்கிறாள். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு இவளைக் கண்டதும் எடை போடத் தடுமாறியவர் என்று சொல்லிச் சொல்லி அவளைக் கேலி செய்வேன். அடுத்த வருடம் பூண்டு எடுத்த பிறகு, சித்திரையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அவளைவிட எனக்குத்தான் அதிகச் சந்தோஷம். கொடைக்கானல் என்றால் வாரம் ஒருநாள் சந்தையில் பார்த்துக்கொள்ளலாம். வேறு எங்காவது போய்விட்டால் நான் அந்த மலையில் யாரோடு பேசுவேன்?

பேசி முடித்த கையோடு, அந்த வருடச் சித்திரையில் நாங்கள் மூவரும் கொடைக்கானலுக்குப் போனோம். சீசன் நேரம். ஏரியைச் சுற்றிக் குதிரையும் குடையுமாகக் கூட்டம். கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் பித்தளை ஸ்டவ் ஒன்றைப் பற்றவைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். பம்ப் அடிக்க அடிக்க, 'உஸ்' என்ற இரைச்சலோடு நீலமாகத் தீ எழுந்தது. புகை இல்லை, கரி இல்லை. பாலை வைத்தார், நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பொங்கியது. என் அப்பா சீப்பை வளைத்துக் காட்டியதும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? கால் நகரவில்லை.

"அடுப்பு இருக்கையில இது என்ன சோலிக்கு?" என்றார் என் கணவர்.

"கண்ணு அவிஞ்சு போச்சுங்க" என்றேன் நான். நாத்தனாரும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். பூண்டு மூட்டை சுமந்து போன குதிரை, வரும்போது ஸ்டவ்வைச் சுமந்து வந்தது.

வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த உடனே அவர் சொன்னார்: "வெறகடுப்ப மட்டும் அணச்சிராதீங்க. மேல வெத கெடக்கு." அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த மாதங்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாத்தனார் வெள்ளனே எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைப்பாள். அந்த இரைச்சல் கேட்டு நான் விழிப்பேன். கம்பளியைப் போர்த்தியபடியே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். விறகு பிளந்து, ஊதி, இருமி, கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இப்போது எங்கள் கையில் சும்மா இருந்தது. கருப்பட்டிக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பனி விலகி எதிர்மலை தெரியும்வரை பேசிக்கொண்டே இருப்போம். கொடைக்கானலில் அவள் குடித்தனம் எங்கே, எப்படி என்பதெல்லாம் அந்த நீலத் தீக்கு முன்னால் உட்கார்ந்துதான் முடிவு செய்தோம். சன்னலுக்கு என்ன நிறத்தில் துணி கட்டுவது என்பது உட்பட.

விறகடுப்பை மூட்டாமல் இல்லை. முதலில் இருவேளை மூட்டினோம். பிறகு ஒருவேளை. அப்புறம் எனக்கு அடுத்த ஆசை வந்தது. ஸ்டவ் வந்துவிட்டது, சுவர் மட்டும் ஏன் கறுப்பாக இருக்க வேண்டும்? ஆடி மாதம் சுண்ணாம்பு வாங்கி நானே அடுப்படிக்கு வெள்ளையடித்தேன். ஒரு பொருள் தனியாக வந்து நம் வீட்டில் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் பழசாக்கிவிட்டு, ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லும். இன்று கடை கடையாக ஏறி இறங்குகிற பிள்ளைகளைத் திட்ட என் வாய் எழும்போதெல்லாம் அந்த வெள்ளைச் சுவர் ஞாபகம் வந்து வாயை அடைத்துவிடும்.

சுவர் காயட்டும், பதினைந்து நாளைக்கு விறகடுப்பு வேண்டாம் என்று சொன்னவள் நான்தான்.

"அண்ணே கேட்டா?" என்றாள் அவள்.

"கேட்டாப் பாத்துக்கிரலாம். நீ பேசாம இரு புள்ள."

பதினைந்து நாள் ஒரு மாதமாயிற்று. வெளியே ஓயாத மழை. என் கணவர் விடியுமுன் காட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். வெள்ளைச் சுவருக்குள் சுடச்சுடச் சோறு இருந்தது, அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஐப்பசியில் நிலத்தை உழுது பாத்தி கட்டிவிட்டு வந்து, பரணிலிருந்து முதல் கொத்தை இறக்கினார். ஒரு பூண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பல்லுக்குப் பதில் கறுப்புப் பொடி உதிர்ந்தது. இன்னொன்று. அதுவும் சக்கை. கொத்து கொத்தாக இறக்கிக்கொண்டே போனார். அடுப்படித் தரை முழுக்கப் பூண்டுத்தோல். கடைசியில், "அடுப்பு மூட்டலியா?" என்று மட்டும் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "நாந்தாண்ணே மூட்டல. வெறகு எடுத்தாரச் சோம்பப்பட்டுக்கிட்டு இருந்துட்டேன். மதினி சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு."

நான் பேசவில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது கை கூசுகிறது. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் எனக்கு அப்போது குழந்தை இல்லை. ஊரில் ஏற்கெனவே முணுமுணுப்பு இருந்தது. வீட்டின் விதையையும் அழித்தவள் என்று ஆகிவிட்டால் என்னைப் பழனிக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் முந்திக்கொண்டு சொன்னாள். நான் அந்தப் பொய்க்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். வெளியே போய், உழுத நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கம்பக்கத்தில் கைமாற்றாகக் கொஞ்சம் விதை கிடைத்தது. அவரவர் விதை அவரவருக்கே சரியாக இருக்கும்போது யார்தான் எவ்வளவு கொடுப்பார்கள்? மலைச்சரிவில் படிப்படியாக இருந்த எட்டு அடுக்கு நிலத்தில் ஒரு அடுக்குதான் விதைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்டவ்வைச் சாக்கில் போட்டுக் கட்டிக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார். தங்கையை அதற்குப் பிறகு வார்த்தைக்கு வார்த்தை குத்திக்கொண்டே இருந்தார்.

சித்திரையில் கல்யாணம் நடத்த முடியாது என்று ஆனது. ஒரு வருடம் பொறுக்கச் சொல்லிக் கேட்டோம். மாப்பிள்ளை வீட்டில் பொறுக்கவில்லை. மாப்பிள்ளை பொறுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவரை யார் கேட்டார்கள்? இவளைத்தான் யார் கேட்டார்கள்? மண்டியில் எடை போடத் தடுமாறியவருக்கு ஆவணியில் வேறு இடத்தில் முடிந்தது. விதையைக் கோட்டைவிட்ட பெண் என்ற பேச்சு ஊரில் தங்கிவிட்டது. பிறகு இவளுக்குப் பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர் ஒருவர் வாய்த்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து அங்கே போவதென்றால் கொடைக்கானல் வந்து, வத்தலக்குண்டு வரை இறங்கி, வேறு ஒரு மலைச்சாலையில் மறுபடி ஏற வேண்டும். புறப்பட்ட அன்றே போய்ச் சேர முடியாது. பஸ் ஏறும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அவள் போன பிறகு எங்கள் வீட்டில் நாள் திரும்பியது. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பூண்டுக்கு நல்ல விலை வந்தது. எவர்சில்வர் வந்தது, நாற்காலி வந்தது, ரேடியோ வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் ஒரு வாரம் மனம் நிறைந்த மாதிரி இருக்கும். எட்டாம் நாள் காலையில் விழிப்பு வரும்போது, அடுப்படியில் பேச்சுச் சத்தம் எதுவும் கேட்காது.

அறுபதுகளின் நடுவில்தான் பெரும்பாறைக்குப் போக முடிந்தது. வெறுங்கையோடு போகக் கூசி, எவர்சில்வர் அடுக்கும் நைலான் சேலையும் வாங்கிப் போனேன். அவள் இளைத்திருந்தாள். சாமான்களை "நல்லா இருக்கு மதினி" என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டு, ஆரஞ்சு உரித்து என் கையில் கொடுத்தாள். அவள் அடுப்படியிலும் விறகடுப்புதான். அதற்கு மேலே, பூண்டே விளையாத அந்த ஊரில், ஒரே ஒரு பூண்டுக் கொத்து புகையேறித் தொங்கியது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"அன்னிக்கு நீ..." என்று ஆரம்பித்தேன். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

"அந்த ஸ்டவ் என்னாச்சு மதினி?" என்று குறுக்கே கேட்டாள்.

"ஒங்கண்ணே அப்பயே தள்ளிவிட்டுட்டாகளே."

"எனக்கு ஒண்ணு வாங்கித் தாறீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குடியைக் கெடுத்த சாமான் என்று அதன் பேரைக்கூட நான் வீட்டில் சொல்வதில்லை. "அது எதுக்குத்தா? சோலி வெரசா முடியும்னா?" என்று கேட்டேன்.

அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். "சோலி கெடக்குது. அதப் பத்தவச்சாச் சத்தங் கேட்டு நீங்க எந்திரிச்சு வருவீங்கல்ல, அதுக்குத்தான்."

சொல்லப் போனதைச் சொல்லாமலே திரும்பினேன். ஆனால் வீட்டுக்கு வந்த அன்றே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கட்டிக்கொண்டிருந்த பூண்டுக் கொத்தைக் கீழே வைத்தார். "அவளக் கரிச்சுக் கொட்டிக்கிட்டே இருந்துட்டனே" என்றார். அவ்வளவுதான். அந்த வாரம் அவரே கொடைக்கானல் போய் ஒரு பித்தளை ஸ்டவ் வாங்கி, வைக்கோல் சுற்றி, தெரிந்த டிரைவர் ஒருவர் மூலம் பெரும்பாறைக்கு அனுப்பினார்.

பத்து நாளில் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கோணல் எழுத்து, அவளே எழுதியது. 'ஸ்டவ் பத்திரமாக வந்து சேர்ந்தது. நன்றாக எரிகிறது. சத்தம் அதே சத்தம்தான் மதினி. பற்ற வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலைப் பார்க்கிறேன்.'

இப்போது என் வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. திருகினால் சத்தமே இல்லாமல் எரிகிறது, அதே நீலம். விடியற்காலையில் எனக்கு விழிப்பு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன். அடுப்படியில் யாரும் இல்லை.