பிரதமரைக் கோட்டுக்குள் மறைத்தேன்

இன்று மூன்று விஷயங்கள்:
1. ஒரு நையாண்டிப் பத்திரிகை
2. பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் பீற்றர்
3. ஆங்கிலேயரின் பகிடியில் ஈரமில்லை

இருதய நோயோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் பீற்றர் கேட்டதால் அந்தப் பத்திரிகையை வாங்கினேன். அட்டையில் பிரதமரைக் கேலி செய்திருந்தார்கள். பஸ்ஸில் அதை மடித்துக் கோட்டுக்குள் மறைத்தேன். நான் விட்டுவந்த எங்கள் நாட்டில் இப்படி எழுதிய சிலர் வீடு திரும்பவில்லை.

ஏன் கசங்கியிருக்கிறது என்று பீற்றர் கேட்டார். சொன்னேன்.

முகம் மாறாமல், "பிரதமரே ஒண்டு வாங்கி பிரேம் போட்டிருப்பார்" என்றார்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"இண்டைக்கு நல்ல மரியாதையாக் கதைச்சவர். அதுதான் யோசனையாக் கிடக்கு."

அந்தப் பகிடிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் கையைப் பிடித்தார்.

"அடுத்த இதழுக்கும் இருப்பன். அட்டை தெரியக் கொண்டு வாங்கோ."

கொண்டுபோவேன். பஸ்ஸில் யாராவது என் பக்கத்தில் உட்காருவீர்களா?

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை.