மாமியார் டாக்டரிடம் கேட்ட கேள்வி

கல்யாணமானபோது நான் ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை பார்த்தேன். காலையில் உட்கார்ந்தால் மாலைவரை நாற்காலிதான். வருகிறவர்களுக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுப்பேன், போனில் பேசுவேன், சமையல்கட்டிலிருந்து வரும் டீயையும் பஜ்ஜியையும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்வேன். வீட்டுக்கு வந்தால் மாமியார் சாப்பாட்டோடு காத்திருப்பார்.

அவர் அடி அண்ணாமலை கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். யார்மேல் பிரியம் இருந்தாலும் அதைத் தட்டில் போட்டுத்தான் காட்டுவார். இரண்டு வருஷமாகியும் நான் உண்டாகவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். மாமியார் மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. அதற்குப் பதில் என் தட்டில் நெய்யைக் கூட்டினார். உளுந்தங்களி, பாதாம் பால், நல்லெண்ணெயில் மிதக்கும் முட்டை.

"உடம்புல தெம்பு இருந்தாதான் கரு புடிக்கும். சாப்புடு கண்ணு" என்பார்.

நானும் சாப்பிட்டேன். மறுத்தால் அவர் முகம் வாடிவிடும் என்பது ஒரு காரணம். அவர் கைமணம் இன்னொரு காரணம்.

உடம்பு ஏறியது. அதோடு மாதவிலக்கும் தள்ளிப் போக ஆரம்பித்தது. பிள்ளைக்காகக் காத்திருப்பவளுக்கு நாள் தள்ளிப்போவது என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் இதுதான், இதுதான் என்று மனசு துள்ளும். மெடிக்கல் ஷாப்பில் கர்ப்பம் பார்க்கும் கிட் வாங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பேன். ஒற்றைக் கோடுதான் இருக்கும். வெளியே வந்தால் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொள்வார்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்ளோ வெயிட்டை வெச்சிக்கினு கொழந்தை வேணும்னா எப்படிம்மா? கொறைச்சிட்டு வா" என்றார். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். எப்படிக் குறைப்பது என்று அவரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அதன்பிறகு ரொம்ப நாள் நான் எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏறவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போய் வேண்டிக்கொண்டேன். மற்ற நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

என்னைத் திரும்ப அழைத்துப் போனது என் கணவர்தான். எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். யாரிடமோ விசாரித்து, ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டரிடம் போகலாம் என்றார். "அவங்களும் திட்டினா எழுந்து வந்துடலாம். நான் கூட இருக்கேன்" என்றார்.

அந்த டாக்டர் திட்டவில்லை. முதலில் கதவைச் சாத்தச் சொன்னார். மாதவிலக்கு எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது, என்ன வேலை, எப்போது சாப்பிடுகிறேன், எப்படித் தூங்குகிறேன் என்றெல்லாம் கேட்டார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்தபின் பொறுமையாக விளக்கினார்.

"உடம்புல கொழுப்பு ஜாஸ்தியானா ஹார்மோன் தடுமாறிடும்மா. மாசாமாசம் வெளிய வர வேண்டிய முட்டை சரியா வராது. உங்களுக்கு நாள் தள்ளிப் போறது அதனாலதான். கர்ப்பம்னு நெனச்சி நீங்க எவ்ளோ ஏமாந்திருப்பீங்கன்னு தெரியுது. ஒல்லியாகணும்னு நான் சொல்லலை. கொஞ்சம் கொறைஞ்சாலே நெறைய பேருக்கு முட்டை வர ஆரம்பிச்சிடும். வரலைன்னா மாத்திரை இருக்கு."

பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும். உங்க தொப்பையையும் இதுல சேத்துக்கணும். ஆம்பளைங்களுக்கும் வெயிட்டுக்கும் சம்பந்தம் இருக்கு."

கணவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். முரண்டு பிடிப்பார் என்று நினைத்தேன். அன்றைக்கே பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். என் ஒருத்தியின் உடம்பில் மட்டும் இருந்த குறை அன்று எங்கள் இருவரின் வேலையாக மாறியது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னோம். மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அடுத்த முறை நாங்கள் கிளம்பியபோது புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "நானும் வர்றேன்."

டாக்டர் முன்னால் அவர் உட்காரவே இல்லை. நின்றபடியே கேட்டார். "டாக்டரம்மா, இவளுக்கு நெய்யும் பாலுமா ஊத்தி ஊத்திக் குடுத்தது நாந்தான். என்னாலதான் புள்ள இல்லாம போச்சா?"

இத்தனை நாள் அந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டுதான் எங்களுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறார்.

டாக்டர் எழுந்து வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். "நீங்க ஆசையா குடுத்தீங்க. இவங்களுக்கு உக்காந்த வேலை, ஹார்மோன் பிரச்சினை, குடும்ப வாகு, எல்லாம் சேந்துதான் இப்படி. யார் மேலயும் தப்பு இல்லம்மா. ஆனா சமையல் உங்க கையில இருக்கு. எனக்கு உங்க ஒத்தாசை வேணும்."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னான்னு சொல்லுங்க, செஞ்சிடறேன்" என்றார்.

செய்தார். சோறு கம்மியானது, கீரையும் காயும் ஜாஸ்தியாயின. இரவில் கேழ்வரகு அடை. டப்பாவில் சுண்டல். ஒருநாள் கெஸ்ட் ஹவுஸுக்கே வந்து, சமையல்காரரிடம், "எங்க மருமகளுக்கு இனிமே பஜ்ஜி அனுப்பாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு மானம் போனது. பஜ்ஜியும் நின்றது.

விடிந்ததும் நானும் கணவரும் கிரிவலப் பாதையில் நடப்போம். முழுச் சுற்று இல்லை, முடிந்த தூரம். தினமும் நடப்பதைப் பார்த்த தெருக்காரப் பெண் ஒருவர் மாமியாரிடம், "என்னா வேண்டுதல்?" என்று கேட்டிருக்கிறார். "வேண்டுதல் இல்ல, வைத்தியம். ரெண்டு பேருக்கும்" என்று இவர் பளிச்சென்று சொல்லிவிட்டார். 'ரெண்டு பேருக்கும்' என்று சேர்த்துச் சொன்னாரே, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

எடை சட்டென்று இறங்கிவிடவில்லை. தீபத் திருவிழா சமயத்தில் கெஸ்ட் ஹவுஸ் நிரம்பி வழிந்தது, நடை நின்றது, குறைந்ததில் பாதி திரும்ப வந்தது. அழுதேன். டாக்டர், "நின்னா என்னா, திரும்ப ஆரம்பிங்க" என்பதோடு விட்டுவிட்டார்.

சில மாதம் கழித்து, மாத்திரை எதுவும் இல்லாமலே, மாதவிலக்கு ஒழுங்காக வந்தது. அடுத்த மாதமும் வந்தது. வழக்கமாக அது வரும் நாள் எங்கள் வீட்டில் துக்க நாள். அன்று மாமியார், "வந்துடுச்சா? சரியா வந்துடுச்சா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்புறமும் உடனே நடந்துவிடவில்லை. முட்டை நன்றாக வளர மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் ஏமாற்றம். பிறகு ஒரு காலையில் கிட்டில் இரண்டாவது கோடு, மங்கலாக. நான் கத்தியதில் கணவர் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். கர்ப்பத்தில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. அதையும் கவனமாகப் பார்த்துக் கடத்தினார்கள். மகள் பிறந்தாள்.

எடை குறைந்ததால் மட்டும் பிறந்தாள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. என்னோடு வேலை பார்க்கும் பெண் கொடி மாதிரி இருப்பாள். அவளும் இதே டாக்டரிடம்தான் பிள்ளைக்காகப் போய் வருகிறாள். ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு காரணம். என் காரணத்தைக் கதவைச் சாத்திவிட்டு எனக்குச் சொல்ல ஒருவர் கிடைத்தார், கூட நடக்க ஒருவர் கிடைத்தார், சமையலையே மாற்றிக்கொள்ள ஒருவர் கிடைத்தார்.

குழந்தை நடக்க ஆரம்பித்ததும் டாக்டரைப் பார்க்க எல்லாரும் போனோம். எத்தனையோ பேரைப் பார்ப்பவர், எங்களை அவருக்கு நினைவில்லை. பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மகள் கன்னத்தைத் தட்டி, "அம்மா சர்க்கரை டெஸ்ட்டை விடாம எடுக்கணும், சரியா?" என்று அவளிடம் சொன்னார். மாமியார் கும்பிட்டார். நான் நன்றி சொல்ல யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "வர்றோம் மேடம்" என்று மட்டும் சொன்னேன். வெளியே காத்திருந்த பெண்ணுக்கு வழி விட்டு, அவள் உள்ளே போனதும் கதவை நானே சாத்தினேன்.