கோட்டைக் கழற்றிய வைத்தியர்

போன வியாழக்கிழமை, நான் வேலை செய்யும் காட்சியக வாசலில் பள்ளிக்கூடப் பேருந்து வந்து நிற்கிற நேரத்தில், சபாநாதன் அங்கிளின் மகள் அழைத்தாள். “அக்கா, அப்பா விடிய மோசம் போயிட்டார்.” பிறகு, “அந்தக் கறுப்புக் கோட்டுப் போட்ட படம் உங்களிட்ட இருக்கோ? செத்தவீட்டு மண்டபத்தில வைக்க வேணும்” என்றாள். இருக்கிறது என்றேன். அதற்குள் பிள்ளைகள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாழும் இந்த மோர்னிங்சைட்டில் அவரை ‘அப்போதிக்கரி ஐயா’ என்று அறிந்தவர்கள் பலர். வன்னியில் ஒரு காட்டோரக் கிராமத்து மருந்தகத்தில் அப்போதிக்கரியாக, அதாவது உதவி வைத்தியராக, இருபது வருடங்கள் தனியாக வைத்தியம் பார்த்தவர். அந்தப் படிப்பு இங்கே செல்லவில்லை. முதியோர் இல்லமொன்றில் படுக்கை மாற்றி ஓய்வு பெற்றார். நான் அறிந்தது அதற்குப் பிந்திய சபாநாதனை. இந்த ஊர் காடாக இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், குதிரையில் போய் வைத்தியம் பார்த்த ஒருவரின் வீட்டை நாங்கள் காட்சிக்கு வைத்திருக்கிறோம். அங்கே கறுப்புக் கோட்டு அணிந்து, அந்த வைத்தியராகவே நின்று பேசுவது அங்கிளின் தொண்டு.

முதல் நாள், கோட்டைப் போடுமுன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்.

“அங்கிள், அந்தக் காலத்து வைத்தியர்மார் கை கழுவமாட்டினம்.”

“அவருக்குத் தெரியாது, பிள்ளை. எனக்குத் தெரியுமெல்லே?”

அந்த வைத்தியர் குதிரைச் சேணத்தில் தொங்கவிட்ட தோல்பையைத் திறந்து பார்த்துவிட்டு, “மருந்தை விடத் துணிதான் கூடக் கொண்டு திரிஞ்சிருக்கிறார். கெட்டிக்காரன்” என்று, பக்கத்து ஊரில் வேலை செய்யும் சக வைத்தியரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் சொன்ன கதைகளில் ஒன்று எல்லோரையும் கலங்க வைக்கும். ஆறு பெருகுகிறது. குதிரை இறங்க மறுக்கிறது. வைத்தியர் சுற்றுப்பாதையால் பிந்திப் போகிறார். காய்ச்சலில் கிடந்த சிறுமி இறந்துவிட்டாள். தாய், நனைந்த தலையைத் துடைக்கும்படி அவரிடம் ஒரு துவாயை நீட்டுகிறாள்.

அந்த வைத்தியரின் குறிப்பேடுகள் முழுவதையும் படித்தவள் நான். அப்படி ஒரு சிறுமி அவற்றில் இல்லை.

“மனேச்சர் கேக்கிறா, அங்கிள். உது எந்தக் குறிப்பில இருக்கு?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “ஒண்டிலயும் இல்லை. குளம் உடைச்ச வருசம், பிள்ளை. குதிரை இல்லை, என்ர மோட்டச் சைக்கிள். என்ர பேரில சொல்ல வாய் வரேல்லை. உந்த மனுசன் செத்து எவ்வளவு காலம்? அவர் தாங்குவார்.”

அங்கிள் அந்தக் கதையைத் தன்னுடையதாகச் சொல்லலாம், வைத்தியரின் கதையாகச் சொல்லக்கூடாது என்றார் மனேச்சர். அதை நான் அங்கிளிடம் சொன்னதும், “அப்ப நான் இனி வரேல்லை” என்று அங்கிள் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த நாட்டில் அவர் வைத்தியராக நின்ற ஒரே இடம் அந்த வீடு. அதையும் பறித்துவிட்டேனே என்று இரண்டு வாரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம் வந்தார். கை கழுவினார், கோட்டைப் போட்டார். அன்று வந்த பிள்ளைகளில் ஒருத்தி, “உங்களால் காப்பாற்ற முடியாமல் போனவர்கள் உண்டா?” என்று கேட்டாள். அங்கிள் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டைச் சுவர் ஆணியில் மாட்டினார். வெள்ளைச் சட்டையோடு நின்று, “இது அவருடைய கதை இல்லை, என்னுடையது” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். சிறுமியின் பெயர் கமலினி என்பது எனக்கும் அன்றுதான் தெரியவந்தது.

கதை முடிந்ததும் அதே பிள்ளை கேட்டாள்: “அந்தத் துவாயைத் திருப்பிக் கொடுத்தீர்களா?”

“இல்லை. இன்னும் என் வீட்டில் இருக்கிறது.”

பேருந்து போனபிறகு, “அந்தக் குஞ்சு கேட்டுதே ஒரு கேள்வி!” என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம், ஒவ்வொரு முறையும் இடையில் கோட்டைக் கழற்றித்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

மகளுக்கு இரண்டு படங்கள் அனுப்பினேன், கோட்டோடு ஒன்று, வெள்ளைச் சட்டையோடு ஒன்று. மண்டபத்தில் வெள்ளைச் சட்டைதான் இருந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மனேச்சர் தானாக எதையும் கேட்கவில்லை. அந்தக் கதை குறிப்பேட்டில் இல்லையென்று அவரிடம் போய்ச் சொன்னவள் நான், அங்கிளிடம் ஒரு வார்த்தை கேட்குமுன்பே. பிறகு மனேச்சரின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இரண்டு வருடம் பக்கத்தில் இருந்தும் அதை அங்கிளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவர் கழற்றி ஆணியில் மாட்டிய அந்தக் கோட்டைத்தான் நான் அவர் நினைவாக மனதில் வைத்துக்கொள்கிறேன். இதை என் பெயரிலேயே சொல்கிறேன். நானும் பிந்திவிட்டேன், அங்கிள்.