இருபத்தேழாம் நம்பர் கட்டம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நடந்தது இது. அங்கே நான் செக்கிங் வேலையில் இருந்தேன். இப்போதும் செக்கிங்தான், கம்பெனி மட்டும் வேறு.

தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழுது இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, திரும்பத் தைக்க ஒதுக்கி வைப்பேன். எந்த மெஷினில் தைத்தது என்று பார்த்து ஒரு தாளில் கோடு போடுவேன். பல வருடங்களாக அப்படித்தான்.

ஒரு திங்கட்கிழமை தாளை எடுத்துவிட்டு, மேஜைக்கு ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். விலை குறைந்தது என்று கையில் வாங்கியதுமே தெரிந்தது. பின்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக், அழுத்தினால் டிபன் டப்பா மூடி போல அமுங்கியது. ட்யூப் லைட் வெளிச்சத்தில் எழுத்தைவிட என் முகம்தான் அதில் நன்றாகத் தெரிந்தது. எழுத்து பெரிதாக இருந்தது, அது ஒன்று நல்லது. மெஷின் நம்பர்கள் கட்டம் கட்டமாக இருக்கும். பழுது கண்டால் அந்த நம்பரைத் தொட வேண்டும், கட்டம் சிவந்து அடங்கும்.

ஆனால் தொட்டதும் கேட்காது. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சிவக்கும். பக்கத்து மேஜை அக்கா, "கூப்புட்டா ஒடனே திரும்பறதில்லீங்க, எங்க ஊட்டுக்காரராட்டமேதான்" என்பார். சிரித்துக்கொண்டே வேலை பார்ப்போம்.

என் டேப்லெட்டில் இன்னொரு கோளாறும் இருந்தது. மேலே ஒட்டியிருந்த ஸ்கிரீன் கார்டு வலது கீழ் மூலையில் சரியாக ஒட்டாமல் குமிழ் விட்டு, அதற்குள் பஞ்சுத் தூசி புகுந்திருந்தது. அந்த மூலையில் இருந்தது கடைசிக் கட்டம், இருபத்தேழு. ஒரு தொடுதலுக்கு அது சிவக்கவே சிவக்காது. சிவக்கும் வரை மூன்று முறை, நான்கு முறை குத்துவேன். கடைசியில் படபடவென்று மின்னி அடங்கும். பதிந்துவிட்டது என்று அடுத்த பனியனை எடுப்பேன்.

சொல்லிக்கொடுக்க ஆபீஸிலிருந்து வந்த பெண், "ஒரு பீஸுக்கு ஒரு டச்தாங்க, புரிஞ்சுதுங்களா?" என்று வேகமாகக் கேட்டபோது எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நான் எட்டாவது வரை படித்தவள். கட்டம் சிவக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்க வாய் வரவில்லை, சிரிப்பார்களோ என்று பயம்.

இருபத்தேழாம் மெஷினில் தைத்தவர் விருதுநகர் பக்கத்திலிருந்து வந்தவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். கணவர் இல்லை. மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய தையல், நூல் பிடித்தது போல நேராக வரும். கண் வலிக்கும் நேரத்தில் அவருடைய பனியன் கட்டைத்தான் எடுப்பேன். பார்ப்பதற்கு அவ்வளவு சுலபம்.

டேப்லெட் வந்த அந்த வாரம் சனிக்கிழமை மதியம் சூப்பர்வைசர் தன் போனைப் பார்த்தபடி தையல் லைனுக்குள் வந்து, இருபத்தேழாம் மெஷின் முன்னால் நின்றார்.

"இந்த வாரம் மத்தவங்களுக்கெல்லாம் பதினஞ்சு, இருவது பழுதுங்க. உங்களுக்கு மட்டும் எழுவத்தி மூணு. தூங்கிட்டே தச்சீங்களா?"

"அண்ணாச்சி, என் தையல் அப்படி வராது. பீஸக் கொண்டாங்க, பாப்போம்."

"அதெல்லாம் சரி பண்ணி பேக்கிங் போயாச்சுங்க. டேப்லெட்டுக்கு உங்க மேல என்ன கோவமா?"

யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க்கா, நீங்கதான பாத்தீங்க. கணக்குச் சரிதானுங்க?"

தைத்த அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தார். அத்தனை ஸ்டிக்கர் ஒட்டிய ஞாபகம் எனக்கு இல்லை. ஆனால் லைனில் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையை ஆட்டினேன்.

திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் தினமும் செய்வது போலவே மெஷினைத் துணியால் துடைத்தார். கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை பார்த்தால், எல்லாம் பேக்கிங் போயாச்சு என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தும், திரும்பத் தைக்க வைத்திருந்த கூடையில் அவருடைய சனிக்கிழமைப் பனியன்கள் அப்படியே கிடந்தன. ஸ்டிக்கர்களை எண்ணினேன். ஐந்து. பக்கத்து மேஜை அக்காவிடம் என் டேப்லெட்டில் இருபத்தேழுக்கு விழுந்த சனிக்கிழமைக் கணக்கை எடுக்கச் சொன்னேன். பத்தொன்பது என்று காட்டியது. நான் குத்திய ஒவ்வொரு குத்தும் ஒரு பழுதாக ஏறியிருந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு முறை சூப்பர்வைசர் மேஜை வரை போய், ஸ்டிக்கர் ரோல் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். இன்னொரு முறை போய் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன். புதன்கிழமைதான் வாய் திறந்தேன்.

சூப்பர்வைசர் டேப்லெட்டை வாங்கி ஸ்கிரீன் கார்டை உரித்தார். இருபத்தேழைத் தொட்டார். ஒரே தொடுதலில் சிவந்தது. டேப்லெட்டை என் மேஜையில் வைத்தார்.

"சரி, இத வெளிய சொல்லாதீங்க்கா. அந்த மெஷினுக்கு ஆள் போட்டாச்சு" என்றார்.

அந்தப் பெண்ணின் வீடு எனக்குத் தெரியாது. விசாரித்துக் கண்டுபிடிப்பதற்குள் அவர் வேறு இடம் போய்விட்டார். சில மாதங்கள் கழித்து அவிநாசியில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரே என்னைப் பார்த்து, "என்னக்கா, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டார். எங்கே தைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தைக்கிறதில்லக்கா. பிசிறு வெட்டுற வேலைக்குப் போறேன். அம்புட்டுப் பழுது வந்திருக்கேன்னு கண்ண டெஸ்ட் பண்ணேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு டாக்டரு. எனக்குத்தான் நம்பிக்க வரல. மெஷின்ல உக்காந்தாலே கை நடுங்குது." பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "மகளும் படிப்ப நிறுத்திட்டு எங்கூடத்தான் வாரா" என்றார்.

தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டுவது புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் வேலை. அந்தக் கைக்கு உரியதல்ல. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குமிழ், ஸ்டிக்கர், பத்தொன்பது, நான் ஆட்டிய தலை.

"அப்ப என் தையல் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுங்க. லைன்லயே உங்களுதுதாங்க நல்ல தையல்."

"அன்னைக்கு அத ஒரு வாட்டி சொல்லியிருக்கலாம்லக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் என் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவும் இல்லை.

இப்போது இருக்கும் கம்பெனியிலும் டேப்லெட்தான். முதல் நாளே மூன்று தடவை விளக்கம் கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் ஸ்டிக்கரை எண்ணி ஒரு தாளில் குறித்து, டேப்லெட்டோடு ஒத்துப் பார்க்கிறேன். ஆனாலும் யாராவது என்னிடம் "சரிதானுங்க?" என்று கேட்டால், என் தலை அசைவதற்கு முன்னால் அவிநாசி பஸ்ஸின் அந்த ஜன்னல்தான் கண்ணில் வந்து நிற்கிறது.