எட்டு வருஷத்து நாய்

அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்கு மூன்று வயது, எனக்கு இருபத்திரண்டு. அப்பா சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அணைக்கட்டு வேலைக்காக வந்து போய்க்கொண்டிருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர், சுதந்திரம் வந்த கையோடு கப்பல் ஏறினார். போகும்போது நாயை அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனார். ஆபீஸில் அத்தனை இங்கிலீஷ் எழுதுகிற மனுஷனுக்கு வேண்டாம் என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை அகப்படவில்லையா என்று அம்மா ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிரேட் டேன் என்று ஜாதிப் பெயர். சாம்பல் நிறத்தில் பெட்டை நாய். நின்றால் முதுகு என் இடுப்புக்கு வரும். வாசலில் கட்டியிருந்தால் தெருவில் போகிறவர்கள் கன்றுக்குட்டி என்று நினைத்து அருகில் வந்து, பிறகு அலறிக்கொண்டு ஓடுவார்கள். அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. எங்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை. அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும்போதெல்லாம் அம்மா, "ஏட்டி, தள்ளிப் படு" என்பாள். அதுவே பெயராகிவிட்டது. என்னையும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா "ஏட்டி" என்றால் நாங்கள் இரண்டு பேருமே திரும்பிப் பார்ப்போம்.

நாயோடு ஒரு தாள் வந்தது. இஞ்சினியர் கைப்பட எழுதியது. அப்பா படித்துச் சொன்னார். இந்த ஜாதி எட்டு வருஷம் இருந்தால் அதிகம். ஒரே வேளையில் வயிறு முட்டப் போடக்கூடாது, பிரித்துப் போடவேண்டும். தின்றதும் ஓட விடக்கூடாது. வெறுந்தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப் புண்ணாகும். எலும்பும் இறைச்சியும் வேண்டும்.

அப்பா தாளை மடித்தார். "எட்டுல மூணு போச்சு. மிச்சம் அஞ்சு. அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு? மிஞ்சின சோத்தைப் போடு, இருக்கிற வரைக்கும் கெடக்கட்டும்."

இருக்கிற வரைக்கும் கெடக்கட்டும். அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. பத்து வயதில் முட்டியெல்லாம் வீங்கி எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அதில் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போனது. திருநெல்வேலியில் பார்த்த டாக்டர், முப்பதைத் தாண்டுவது கஷ்டம் என்று அப்பாவிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் நின்றது. மாப்பிள்ளை பார்க்கும் பேச்சே எழவில்லை. தீபாவளிக்குப் புடவை எடுக்கும்போதுகூட அம்மா என்னுடையதை மட்டும் கெட்டியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க மாட்டாள். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் போகப்போகிறவளுக்கு என்னத்துக்கு என்கிற கணக்கு அந்த அன்புக்குள் எப்போதும் இருந்தது.

"அப்பா," என்றேன், "அஞ்சு வருசம்னா அந்த அஞ்சு வருசத்தையும் ஒழுங்காப் பாக்கணும். தாளை இங்கன கொடுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"நீயா? உன்னையே நாங்க பாக்க வேண்டியிருக்கு."

"கொடுங்க."

கொடுத்தார்.

எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை வாசனை அடித்தால் அம்மா வாசலில் சாணி தெளிப்பாள். நான் தொழுவத்துக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்து அடுப்புக் கூட்டினேன். ஒரு பெரிய மண்பானை வாங்கினேன். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு நானே கறிக்கடைக்குப் போனேன். கடைக்காரப் பாய் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"வழி தவறி வந்துட்டியளா தாயி?"

"இல்ல பாய். எலும்பும் கழிவுக் கறியும் வேணும். நாய்க்கு."

அன்று முதல் அவர் எனக்கென்று எடுத்து வைத்தார். எலும்புச் சாற்றில் கம்புக்களியைக் கரைத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவையாகப் பிரித்துப் போடுவேன். பழைய சாக்குக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்துப் படுக்கை போட்டேன். ஏற்கெனவே காய்த்திருந்த முழங்கையில் தினமும் வேப்பெண்ணெய் தடவினேன். அம்மா பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. பதினாறாவது நாள், "பானையில தண்ணி வத்திட்டு, பாக்கலியா?" என்று கொல்லையிலிருந்து சத்தம் கொடுத்தாள்.

காலையும் மாலையும் நாயை நடத்திக் கூட்டிப்போக வேண்டும். கல்யாணமாகாத பெண் தெருவில் நாய் பிடித்து நடப்பதை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. என்னை வேகமாக நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏட்டி வேகமாக நடக்கிற ஜாதியே இல்லை. எனக்கு மூச்சு வாங்கி நின்றால் அதுவும் நிற்கும். கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் கரிசல் காடு தொடங்குகிற இடம் வரை போய்த் திரும்புவோம். முன்பு வாசல் வரை நடந்தாலே படுத்துக்கொள்கிறவள் நான்.

மேல வீட்டு அண்ணாச்சிக்கு மட்டும் பொறுக்கவில்லை. தெருவில் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று ஒரு மனு எழுதி, பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி, அப்பாவிடமே கொண்டுவந்து நீட்டினார்.

"எப்படியும் ரெண்டு மூணு வருசத்துல சாகப்போற உருப்படி. இப்பமே மருந்தை வச்சி முடிச்சிட்டா எல்லாருக்கும் நிம்மதி வே."

நான் உள்ளேயிருந்து வந்தேன். ஆண்கள் பேசும்போது நான் முன்னால் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, இது யாரையாவது கடிச்சிருக்கா?"

"கடிக்கல. ஆனா..."

"சாகப்போறதையெல்லாம் முன்னாலயே கொல்லணும்னா, இந்த வீட்டுல முதல்ல என்னையில்லா கொல்லணும்? டாக்டர் எனக்கும் நாள் குறிச்சிருக்காரு. அதையும் மனுவுல சேத்து எழுதுங்க."

அண்ணாச்சி மனுவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா அன்று சாயங்காலம் முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கு மறு வருஷம் ஆடித்தபசுத் திருவிழா. வீடு நிறைய விருந்தாளிகள். காலைப் பந்தி முடிந்து மிஞ்சின சோற்றை யாரோ அண்டாவோடு கொல்லையில் வைத்துவிட்டார்கள். ஏட்டி அவிழ்த்துக்கொண்டு போய் முழுவதையும் தின்று தீர்த்து, விருந்தாளிப் பிள்ளைகளோடு கொல்லையைச் சுற்றி ஓடியிருக்கிறது. நான் போய்ப் பார்க்கும்போது கால்களை அகட்டிக்கொண்டு நின்றது. வாயைத் திறந்து திறந்து ஓங்கரித்தது, ஒன்றும் வரவில்லை. விலாப்பக்கம் உப்பிக்கொண்டே வந்தது. தட்டினால் மத்தளம் போலச் சத்தம்.

"மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போணும்" என்றேன்.

"இன்னைக்கா?" அப்பா பதறினார். "ஊரே வந்து நிக்கி. சாமி புறப்படுற நாளு. தெரு வழியா நாயைத் தூக்கிட்டுப் போனா என்ன பேசுவாக?"

"பேசட்டும். நீங்க வரலன்னா நான் மட்டும் போறேன்."

வாசலில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தவரின் கைவண்டியைக் கேட்டேன். அவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காய்களைத் தரையில் கொட்டினார். நாலு பேர் சேர்ந்து ஏட்டியைத் தூக்கி வண்டியில் கிடத்தினோம். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பக்கக் கம்பைப் பிடித்தார். நான் முன்னால் போனேன். இளையரசனேந்தல், திருவேங்கடம் என்று சுற்றுப்பட்டியெல்லாம் திரண்டு நின்ற கூட்டம். "வழி விடுங்க! வழி விடுங்க!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அடிக்கட்டும் என்று நடந்தேன். திட்டியவர்களும் உண்டு. ஆனால் வழி விட்டார்கள்.

கால்நடை டாக்டர் அந்த வருஷம்தான் மாற்றலாகி வந்திருந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறியது.

"இரைப்பை முறுக்கியிருந்தா ஒண்ணும் செய்ய முடியாதும்மா. வெறும் காத்தா இருந்தா குத்தி வெளியே விடலாம். ஆனா நான் உப்புசத்துக்கு மாட்டைத்தான் குத்தியிருக்கேன். நாயைக் குத்தினதில்ல."

"மாடுன்னு நெனச்சே குத்துங்க."

"செத்துப்போனா?"

"குத்தலன்னாலும் சாகும். குத்துங்க சார்."

நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா பின்னங்கால்களைப் பிடித்தார். டாக்டர் விலாவில் முடியைச் சிரைத்து, அயோடின் தடவி, கன்றுக்குட்டிக்கு வைத்திருந்த சின்னக் குழாய் ஊசியை ஒரே குத்தாக இறக்கினார். சைக்கிள் டியூப் பஞ்சரானது மாதிரி காற்று சீறியது. புளித்த வாடை. விலா கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஏட்டி ஒரு நீண்ட மூச்சு விட்டது. டாக்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா அழுதார். நாயின் காலைப் பிடித்தபடியே அழுதார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எட்டு வயதும் வந்தது, ஒன்பதும் வந்தது. முகமெல்லாம் நரைத்தது. பதினோரு வயதில் பின்னங்கால்கள் விழத் தொடங்கின. எழுந்திருக்கும்போது சறுக்கும். அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து வயிற்றுக்குக் கீழே கொடுத்து, நான் ஒரு முனை, அம்மா ஒரு முனை பிடித்துத் தூக்கி நிறுத்துவோம். ஆமாம், அம்மாதான். முட்டிக்கு நல்லெண்ணெயைச் சுட வைத்து ஒற்றுவாள். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுவோம். டாக்டர் வாரம் ஒரு முறை வீட்டுக்கே வந்து பார்த்தார். இந்த ஜாதி இவ்வளவு காலம் இருந்ததாக அவர் எங்கேயும் படித்ததில்லையாம். எனக்கும் அப்போது முப்பதாகிவிட்டிருந்தது. அந்தப் பிறந்த நாளை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா மட்டும் பால் பாயசம் வைத்தாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் ஏட்டி களியைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் என் கையிலிருந்து நக்கியது. எட்டு மணிக்கு வெயில் ஏறும்போது, சாக்குப் படுக்கையில் தலையை நீட்டி வைத்தபடி மூச்சு நின்றது. நான் அழுதேன். ஆனால் தோற்றதாக எனக்குத் தோன்றவே இல்லை.

ஊருக்கு வெளியே இழுத்துப்போய்ப் போட ஆள் அனுப்பவா என்று மேல வீட்டு அண்ணாச்சி கேட்டனுப்பினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொல்லையில் முருங்கைக்குக் கிழக்கே நானே கடப்பாரையைப் போட்டேன். கரிசல் மண் காய்ந்து பாறையாகக் கிடந்தது. பத்துக் குத்துக்கு ஒரு கை மண் வந்தது. அப்பா ஆபீஸுக்குப் போகக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தவர், குழியை எட்டிப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி முருங்கைக் கிளையில் தொங்கவிட்டார்.

"தள்ளு. இம்புட்டுச் சின்னக் குழி எங்கன காணும்? அது நீட்டிப் படுக்கிற ஜாதி."

மத்தியானம் வரைக்கும் இருவரும் மாறி மாறித் தோண்டினோம்.